கீழ் செட்டோடு ஆறு வருடம்

போன வாரம் கழுவும்போது மேல் பல் செட் கை நழுவி வாஷ்பேசினில் விழுந்து, நட்டநடுவில் இரண்டாகப் பிளந்தது. காலையில் கொடுத்து சாயங்காலம் ஒட்டி வாங்கினேன். அந்தப் பகல் முழுக்க வெறும் வாயை மென்றுகொண்டிருந்தபோதுதான் நடைப்பயிற்சி நண்பர் போன் செய்தார். “கீழே மிச்சம் இருக்கிற நாலு பல்லையும் பிடுங்கிட்டு முழு செட்டாப் போட்டுடலாமா சார்?” அப்போது நான் சொன்ன பதில் அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்காது. அதனால் இங்கே.

மேல் செட்டைக் குறை சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம் இல்லையா, அதே கதைதான். அண்ணத்தை முழுக்க மூடி, எச்சில் ஈரத்தில் கவ்விக்கொள்கிறது. தும்மினாலும் நகராது. முதல் மாதம் ழகரமும் ளகரமும் படுத்தின. பேத்திக்குச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தே சரிசெய்தேன். காபியின் சூடு மட்டும் இன்றுவரை அண்ணத்துக்குத் தெரிவதில்லை, தொண்டைக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

கீழ் செட் இருக்கிறதே, அது வேறு பிறவி. குதிரை லாடம் மாதிரி ஒரு துண்டு. பிடித்துக்கொள்ள அண்ணம் கிடையாது, போதாக்குறைக்கு நாக்கு வேறு உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே போகுமாம், அதுவும் மேலே இருப்பதைவிடக் கீழ்த்தாடையில் வேகமாக. ஆறு வருடத்தில் இரண்டு முறை அடியில் அக்ரிலிக் நிரப்பி வாங்கியாகிவிட்டது. நிரப்பிய கொஞ்ச நாள் சமர்த்தாக இருக்கும், அப்புறம் பழைய ஆட்டம்.

ஆடினால்கூடப் பரவாயில்லை. ஒரே ஒரு எள், ஒரு கொய்யா விதை அடியில் புகுந்தால் போதும், ஈறில் ஊசி குத்தும். முருங்கைக்காயை முன்பல்லால் இழுத்தால் செட்டின் பின்பக்கம் எழும்பிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் ஸ்பூனால் வழித்துச் சாப்பிடுகிறேன். ஸ்பூனால் சாப்பிட்டால் அது முருங்கைக்காயா?

நியாயமாகச் சொன்னால் டாக்டர் மேல் தப்பில்லை. கீழ்த்தாடை எலும்பில் திருகு மாதிரி செயற்கை வேராக இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து அதன்மேல் செட்டை மாட்டினால் ஆடாது என்று அன்றே சொன்னார். காசைப் பார்த்து நான்தான் தலையாட்டி மறுத்தேன். எள்ளுருண்டையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், காலையில் சோப்புப் போட்டு மெல்லிய பிரஷால் தேய்க்க வேண்டும். பற்பசை கீறிவிடும், வெந்நீரில் போட்டால் கோணிக்கொள்ளும். கழுவும்போது பேசினில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் புத்தி இப்போதுதான் வந்தது.

நண்பரே, அந்த நாலு பல்லில் இரண்டின் வேராவது தேறுமா என்று டாக்டரிடம் கெஞ்சிக் கேளுங்கள். வேர் இருக்கும்வரை அந்த இடத்து எலும்பு சீக்கிரம் கரையாது. கீழ் முழு செட் மட்டும் வேண்டவே வேண்டாம், அது சனியன்.

இன்று காலை பால் வாங்கப் போனேன், நாலு வீடு தள்ளித்தான் கடை. அந்தச் சனியனை மாட்டாமல் படி இறங்க மனசு வரவில்லை.