வெப்லி மார்க் 6-ல் எந்த உறையை நிரப்பிச் சுடுவது: .455, ஆட்டோ ரிம், ஏ.சி.பி.

பிரிட்டிஷ் படை 1915-ல் ஏற்ற வெப்லி மார்க் 6 ரிவால்வர் அமெரிக்காவின் சுடும் பயிற்சித் திடல்களில் (ரேஞ்சுகளில்) இன்றும் சுடப்படுகிறது. அதன் சொந்தத் தோட்டாவான .455 மார்க் 2, 265 கிரெயின் (சுமார் 17 கிராம்) ஈயக் குண்டை விநாடிக்குச் சுமார் 600 அடி வேகத்தில் தள்ளும். அழுத்தம் 13,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அளவில்தான். கடைகளில் இது அபூர்வம், விலையும் கூடுதல். அதனால்தான் பலரும் காலி உறையில் பிரைமர் (தட்டியதும் தீப்பற்றவைக்கும் மூடி), பவுடர் என்ற வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வைத்துக் கையால் நிரப்புகிறார்கள்.

எந்த உறை என்பதைத் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர்தான் முதலில் சொல்லும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த வெப்லிகளில் ஏராளமானவற்றின் சிலிண்டர் பின்முகத்தைக் கடைந்து, நிலாக் கிளிப்பில் (தோட்டாக்களைப் பிடித்துவைக்கும் மெல்லிய தகட்டில்) மாட்டிய .45 ஏ.சி.பி. என்ற தானியங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டா பொருந்தும்படி செய்துவிட்டார்கள். சிலிண்டரில் பொறித்த வரிசை எண் பின்விளிம்பில் பாதி வெட்டுப்பட்டிருந்தால் அது கடைந்ததுதான். கடையாத சிலிண்டருக்கு .455 மட்டுமே. கடைந்ததில் .455 போட்டால் அதன் மெல்லிய விளிம்புக்குப் பின்னால் இடைவெளி விழும். சுத்தி பிரைமரைச் சரியாகத் தட்டாது.

ஏ.சி.பி.யை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். தொழிற்சாலைத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 21,000 பி.எஸ்.ஐ. உள்ளே பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. மேல்பக்கம் மடிந்து திறக்கும் இந்தத் துப்பாக்கியில் கீலும் பூட்டும் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் தளரும், சிலிண்டர் சுவர் தாங்காமலும் போகலாம். பலர் சுட்டும் உடையவில்லையே என்பது சான்றாகாது. அதே உறையில் மென்மையாக நிரப்பினால் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் பையில் கிடக்கும் தொழிற்சாலைத் தோட்டாவும் நீங்கள் நிரப்பியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று கலந்துவிட்டாலே போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே கடைந்த வெப்லிக்கு ஆட்டோ ரிம் மேல் என்பது எங்கள் தீர்ப்பு.

.45 ஆட்டோ ரிம் உறையை 1920-ல் பீட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்கப் படையின் எம்1917 ரிவால்வர்களுக்காகக் கொண்டுவந்தது. கிளிப்பின் வேலையையும் தடித்த விளிம்பே செய்துவிடும், ஏ.சி.பி.யோடு குழப்பவும் முடியாது. குறை உறையின் நீளத்தில் இருக்கிறது: 0.898 அங்குலம். .455 மார்க் 2 உறை 0.77 அங்குலம்தான். நீளமான உறையில் சிறிதளவு பவுடர் போட்டால் உள்ளே காலியிடம் மிஞ்சும். பவுடர் பிரைமர் பக்கம் கிடக்கிறதா குண்டின் பக்கம் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். காலியிடத்தைக் குறைக்கக் குண்டை ஆழமாக அழுத்துவது தவறு, அழுத்தம் ஏறிவிடும். இரட்டை அளவு பவுடர் விழுந்தாலும் நிரம்பி வழியாது, எனவே குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். .455 உறையில் இந்தத் தொல்லை குறைவு. வேகம் சீராக இருப்பதில் அதுவே முந்துகிறது.

குண்டு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதி: மென்மையான ஈயம். செம்பு உறையிட்ட குண்டு இந்தக் குறைந்த அழுத்தத்தில் குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். வெப்லியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிண்டர் வாய் பெரும்பாலும் குழலின் பள்ளத்தைவிடக் குறுகலாக இருக்கும். குண்டு அங்கே சுருங்கி, குழலில் தளர்ந்து ஓடி, ஈயம் அப்பும், குறி சிதறும். அடிப்பக்கம் குழிந்த 265 கிரெயின் குண்டு இதற்குத்தான். வாயு அந்தக் குழியை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். ஆட்டோ ரிம்மில் பலர் போடும் 200, 230 கிரெயின் தட்டை அடிக் குண்டுகள் அப்படி விரியாது. எடை குறைந்த குண்டு வழக்கமாகக் குறிக்குக் கீழேயும் படும், ஏனென்றால் நிலையான குறிமுள் கனமான, மெதுவான குண்டுக்கு அமைத்தது.

ரேஞ்சில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். பிரைமர் தட்டையானதா, உறை ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்து அழுத்தத்தை அளப்பது இங்கே ஆபத்து. 20,000 பி.எஸ்.ஐ.யிலும் உறை பழுதின்றி வெளியே வரும்; அது அடையாளம் காட்டும்போது துப்பாக்கி தன் எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். பவுடர் அளவை அச்சிட்ட கையேட்டில் உங்கள் உறை, குண்டு இரண்டுக்கும் உரிய தொடக்க அளவிலிருந்து எடுங்கள். 265 கிரெயின் குண்டின் வேகம் விநாடிக்கு 600 முதல் 650 அடிக்குள் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த வேகம் அழுத்தத்துக்கு முழு உத்தரவாதம் அல்ல, அதனால் கையேட்டின் உச்ச அளவையும் தாண்டக் கூடாது.

பவுடர் கிடக்கும் இடம் வேகத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்க, முதல் ஐந்து தோட்டாக்களைக் குழலை மேல்நோக்கித் தூக்கி, மெல்ல இறக்கிச் சுடுங்கள், அடுத்த ஐந்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து உயர்த்திச் சுடுங்கள். இரண்டு முறையும் குழல் குறிப்பலகையின் பக்கமே இருக்கட்டும். இரண்டின் சராசரியும் வெகுவாக விலகினால் பவுடரை மாற்ற வேண்டும். மந்தமான சத்தம் கேட்டால் குண்டு குழலில் நின்றிருக்கலாம்; உடனே நிறுத்தி, தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலைக் குச்சி விட்டுப் பாருங்கள். ஐந்து சுட்டபின் சுடாத ஆறாவது தோட்டாவின் நீளத்தை அளந்து பாருங்கள்: குண்டு முன்னால் நகர்ந்திருந்தால் கிரிம்ப் (குண்டைப் பிடிக்க உறையின் வாயை அழுத்தி மடிப்பது) போதவில்லை.