முகப்பா, தாழ்வாரமா?

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குப் பெரிய புது முகப்பு கேட்பதா, பழைய பாணியில் தாழ்வான ஓட்டுக் கூரை கேட்பதா என்று, ரயில் பயணிகள் சங்கம் மனு எழுத உட்கார்ந்த அன்று இரண்டு கட்சியாகிவிட்டோம். ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் மன்னார்குடி, ஸ்ரீரங்கம், சிதம்பரம் நிலையங்கள் 2025 மே 22 அன்று புதுக்கோலத்தில் திறக்கப்பட்டதிலிருந்தே டெல்டாவில் இந்தப் பேச்சுதான். “ஊருக்கு ஊர் அரண்மனை வாசல் வைக்கிறாங்க, நமக்கு மட்டும் ஓட்டுக் கொட்டகையா தம்பி?” என்றார் சங்கத்தின் மூத்த ஐயா ஒருவர். நான் கொட்டகைக் கட்சி.

புதுசில் உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட், சாய்தளம், வண்டி நிறுத்த இடம், கழிப்பறை. படி ஏறி இறங்கியே முட்டி தேய்ந்த என் அம்மாவிடம் போய்ப் பழைய கட்டடத்தின் அழகைப் பேசினால் குடையாலேயே போடுவார். ஆனால் லிஃப்டுக்கும் முகப்புக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டுக் கூரையை ஒட்டியும் லிஃப்ட் வைக்கலாம். மீட்டர் கேஜ் என்ற குறுகலான தடத்தை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்ட காலத்தில் எழுந்த தட்டையான காங்கிரீட் பெட்டிகளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவற்றுக்காகச் சண்டை போட ஆளே இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலேயே ரயில் வந்துவிட்டது. (அகலப்பாதையாகப் பிறந்து, மீட்டர் கேஜாகி, நம் காலத்தில் திரும்பவும் அகலப்பாதையான தடம் அது.) அந்தக் கால நிலையம் என்றால் கனமான செங்கல் சுவர், உயரமான உள்கூரை, பிளாட்பாரம் பக்கம் தாழ இறங்கும் சாய்ப்பு. நம் திண்ணை வீட்டின் கணக்கேதான். ஐப்பசி மழை நேராக விழுவதில்லை, வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். 45 பாகையில் அடித்தால், 30 அடி உயரக் கூரைக்குக் கீழே சாரல் 30 அடி உள்ளே வரும். 10 அடி உயரச் சாய்ப்பு என்றால் 10 அடியோடு நின்றுவிடும். உயரம் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி.

இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். என்னை ஒரு பக்கம் தள்ளியது பராமரிப்பு.

என் உரக்கடைக்கு ஏழு வருஷம் முன்னால் ஏசிபி ஷீட்டும் (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) கண்ணாடியும் வைத்து முகப்பு போட்டேன். முதல் தீபாவளிக்கு ஊரே நின்று பார்த்தது. மூன்றாவது அடைமழையில் ஷீட்டுக்கு ஷீட் அடைத்திருந்த சிலிக்கோன் பசை பிளந்தது. தண்ணீர் உள்ளே இறங்கியது, வெளியே தெரியவில்லை. பின்னால் இருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்துப் பழுப்பு வடிந்த பிறகுதான் தெரிந்தது. இடைவெளியில் புறா குடித்தனம் வேறு. ஒரு ஷீட்டை மாற்ற மொத்த உயரத்துக்கும் சாரம் கட்ட வேண்டும். அதே நிறத்தில் ஷீட் கிடைக்காமல், இன்றைக்கும் ஒரு பல் மட்டும் தங்கப்பல் மாதிரி தனியாகத் தெரிகிறது. பக்கத்திலேயே என் தாத்தா கட்டிய ஓட்டுச் சாய்ப்புக் குடோன். பூனை ஓடி ஓடு உடைந்தால் ஏணி போட்டு நாலு ஓடு மாற்றுவோம், பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். பழுது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் எட்டுகிறது. ஒரு கட்டடத்திடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

என் கடையை வைத்து ரயில்வேயை அளப்பது சரியா என்று கேட்டால், முழுக்கச் சரியில்லை. அவர்கள் போடும் பொருள் தரமாக இருக்கலாம், பராமரிப்புக்கு நிரந்தர ஆள் இருக்கலாம். புது நிலையங்கள் இன்னும் போதுமான அடைமழை பார்க்கவில்லை, தீர்ப்பு சொல்ல அவசரம் வேண்டாம். பழசிலும் சிக்கல் உண்டு. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடியே அந்த வருஷ மழை முடிந்துவிடும். எங்கள் பழைய வீட்டுக்கு நான்கு மாதம் அலைந்தேன்.

டெல்டாக்காரனுக்குச் சென்னை என்றால் எழும்பூர். 1908இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தை இடிக்காமல், சுற்றிப் புதியதைக் கட்டுகிறார்கள். பெரிய ஊருக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது. சின்ன நிலையத்துக்குக் கிடைக்கும் காசு ஒன்று முகப்புக்குப் போகும், இல்லை கூரைக்குப் போகும்.

எங்கள் பிளாட்பாரத்தில் கூரை நான்கு பெட்டி நீளம்தான். எல்எச்பி என்கிற புது வகைப் பெட்டி ஒன்று கிட்டத்தட்ட 24 மீட்டர். 22 பெட்டி வண்டி வந்தால் 500 மீட்டருக்கு மேல். பதினெட்டுப் பெட்டிக்காரர்கள் மழையில்தான் ஏறுகிறோம். அதனால் மனுவில் ஒரே கோரிக்கை: தாழ்வான சாய்ப்புக் கூரை, வண்டி நீளத்துக்கும். ஐயாவும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கீழே பேனாவால் தனியாக ஒரு வரி சேர்த்தார்: “முகப்பும் வேண்டும்.”