ஓடைத் திருவிழாவின் பலனை அளக்க மினிசாஸ் உதவுமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத் தொண்டர்கள் நடத்தும் ஓடைத் திருவிழா முடிந்ததும், நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் வழக்கமாக இரண்டு கணக்குகளே இடம்பெறும்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மூட்டைக் குப்பை அள்ளப்பட்டது. மூட்டைகள் கூடியிருந்தால் அது திருவிழாவின் வெற்றியா, ஓடையில் குப்பை கொட்டுவோர் பெருகியதன் அடையாளமா என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. ஓடையின் நலத்தையே நேரடியாக அளக்கலாம் என்ற எண்ணத்தில்தான், தென்னாப்பிரிக்காவிலேயே உருவான மினிசாஸ் முறையைப் பயன்படுத்தத் தொடங்கினோம்.

ஆற்று ஆய்வாளர்கள் கையாளும் சாஸ் என்ற மதிப்பெண் முறையைப் பொதுமக்களுக்காகச் சுருக்கியதே மினிசாஸ். கைவலையால் ஏறக்குறைய 5 நிமிடம் கற்களையும் கரையோரச் செடிகளையும் கலக்கி, வலையில் சிக்கும் சிற்றுயிர்களை வெள்ளைத் தட்டில் கொட்டி, படம்போட்ட அட்டவணையில் உள்ள 13 வகைகளோடு ஒப்பிட வேண்டும். மாசைத் தாங்காத உயிர்களுக்கு உயர்ந்த மதிப்பெண்ணும், எதையும் தாங்குபவற்றுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் உண்டு. புழுவுக்கு 2, அட்டைக்கு 2, நத்தைக்கு 4, நண்டுக்கு 6, தட்டானின் இளம்பருவத்துக்கு 6 எனக் கிடைத்தால் கூட்டுத்தொகை 20. அதை வகைகளின் எண்ணிக்கையான 5 ஆல் வகுத்தால் 4. மணற்பாங்கான ஓடையானாலும் பாறை ஓடையானாலும் இந்த 4 கடைசிப் படியான ‘மிக மோசம்’ என்பதிலேயே விழும். வாங்க வேண்டிய பொருள்களும் அதிகமில்லை. வலையை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம், ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியே தட்டாகிவிடும்.

சிக்கல் தொடங்குவது அடையாளம் காண்பதில்தான். ஊசித்தட்டானின் இளம்பருவத்துக்கு வால்முனையில் இலைபோன்ற மூன்று செவுள்கள் இருக்கும். மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவத்துக்கு வால் நூலிழையாக இருக்கும், செவுள்கள் வயிற்றின் இரு பக்கங்களிலும் அசைந்துகொண்டிருக்கும். உற்சாகத்தோடு குனிந்து பார்க்கும் கூட்டத்தில் இந்த வேறுபாடு எளிதில் தவறிவிடுகிறது. மேலே சொன்ன ஐந்து வகைகளோடு ஊசித்தட்டானைச் சேர்த்தால் அதற்குரிய 4 மதிப்பெண்ணால் சராசரி மாறாமல் 4 ஆகவே நிற்கும். அதையே 11 மதிப்பெண் கொண்ட மேஃபிளை வகை என்று குறித்துவிட்டால் சராசரி 5.2 ஆக உயர்ந்து, ஓடை ஒரு நொடியில் தேறிவிட்டதுபோல் தோன்றும். ஆகவே விழாக் கூட்டத்தின் நடுவே எடுக்கும் அளவீட்டை அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நூறு கால்கள் மிதித்துக் கலக்கிய நீரில் கிடைப்பது எப்படியும் ஓடையின் இயல்பான நிலை அன்று. விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே, பழகிய நான்கைந்து பேர் ஒரே இடத்தில் அளந்துவிட வேண்டும். விழா நாளின் வலைவீச்சு பிள்ளைகளுக்கான பாடமாக மட்டும் இருக்கட்டும். அந்த வகையில் இதற்கு இணையான ஈர்ப்பு வேறெந்த அரங்குக்கும் இல்லை, உணவுக் கடைகளைத் தவிர.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் குப்பை அள்ளுவதால் இந்த மதிப்பெண் உயரும் என்று எதிர்பார்ப்பது வீண். நெகிழிப் பை போனாலும் கழிவுநீர்க் கசிவு நிற்காதவரை அட்டையும் புழுவும்தான் தட்டில் விழும். டர்பனில் கோடை மழை வெள்ளம் சிற்றுயிர்களை அடித்துச் சென்றுவிடுவதால், இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாத அளவீட்டை அடுத்த ஆண்டின் அதே மாத அளவீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் நகரின் கழிவுநீர்க் கட்டமைப்பையே சிதைத்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களை வைத்துக்கொண்டு எந்தத் திருவிழாவையும் புகழவோ பழிக்கவோ முடியாது. விழா நடக்கும் பகுதிக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என இரண்டையும் ஒரே நாளில் அளந்து, அவற்றுக்கிடையேயான வேறுபாடு ஆண்டுதோறும் சுருங்குகிறதா என்று பார்ப்பதே ஓரளவு நேர்மையான வழி.

குளத்துக்கும் கழிமுகத்துக்கும் இம்முறை பொருந்தாது. நீரில் உள்ள நோய்க்கிருமிகளையும் இது காட்டாது என்பதால், நல்ல மதிப்பெண் வந்தாலும் பிள்ளைகளுக்குக் கையுறை கொடுத்தே நீரில் இறக்க வேண்டும். நிதி மிஞ்சினால் ஒரு மீட்டர் நீளமுள்ள நீர்த்தெளிவுக் குழாய் ஒன்றையும் வாங்கலாம். கரைமண் அரிப்பால் நீர் கலங்குவதை அது அன்றைக்கே சென்டிமீட்டரில் சொல்லிவிடும், பூச்சி பெயர் தெரியாதவர்களும் அதைப் படிக்கலாம்.