கான்கிரீட் வாஷ்பேசின், சமையல் மேடை செய்கிறவர்கள் கவனம்: சீலர் என்று நம்பி 68,500 ரூபாய் போச்சு

கான்கிரீட்டில் கறையும் ஈரமும் இறங்காமல் மேலே அடிக்கும் பூச்சுதான் சீலர். அதை எனக்கு விற்ற ஆள் நேற்று இரவுதான் என் நம்பரை பிளாக் செய்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சீலர் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளை சிமெண்ட், சிலிக்கா மணல், காரம் தாங்கும் கண்ணாடி இழை, பாலிமர் எல்லாம் சேர்த்து வாஷ்பேசினும் சமையல் மேடையும் வார்த்துக் கொடுப்பதுதான் தொழில். இதில் வார்ப்பு பாதி, சீலர் பாதி. புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பட்டால் சிமெண்டை அரித்துவிடும். நம் சமையலறையில் புளி படாத நாள் ஏது? அரித்த இடம் வெளிறிச் சொரசொரவென்று நிற்கும், கழுவினால் போகாது. டைமண்ட் பேடு (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு) போட்டு மேடை முழுக்க இழைக்க வேண்டும். அதனால்தான் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரிதேன் சீலர்தான் (கலந்தபின் கெட்டியாக இறுகும் ஒருவகைப் பிசின்) வேண்டும் என்று தேடினேன்.

விற்பவர்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் ஒரு ஆன்லைன் சந்தையில் கிடைத்தான். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக். போனில் பேசியதும் முதலில் விலை சொல்லவில்லை. "ஏனுங்ணா, தண்ணி எவ்வளவு விடறீங்க? எத்தனை நாள் க்யூரிங் (ஈரத்துல வச்சு இறுக விடறது) வைக்கறீங்க? ஈரம் காயாம சீலர் அடிச்சா நிக்காதுங்ணா" என்றான். தொழில் தெரியாதவன் இப்படிக் கேட்பானா? ஒரு வீடியோவும் அனுப்பினான். சாம்பல் நிறப் பலகை மேல் கரைத்த புளி, பாதி எலுமிச்சை, மஞ்சள் கலந்த எண்ணெய். இரவு முழுக்க விட்டுக் காலையில் ஈரத்துணியால் ஒரே துடைப்பு, பலகை பளிச். அந்தத் துடைப்பில்தான் நம்பிக்கை வந்தது. சீலருக்கும் இரண்டு சிலிகான் வாஷ்பேசின் மோல்டுக்கும் (வார்ப்பு அச்சு) சேர்த்து 68,500 ரூபாய் அனுப்பினேன். சீலர் வந்தது. மோல்டு இன்று வரை வரவில்லை.

ஈரோட்டில் ஒரு வீட்டு மேடைக்கும் ஏற்காட்டில் ஒரு விடுதியின் வாஷ்பேசின்களுக்கும் அதைத்தான் அடித்தேன். அடித்துக் காய்ந்தபோது பார்க்க அருமையாக இருந்தது. கொஞ்ச நாளில் விடுதியிலிருந்து போட்டோ வந்தது. குழாய்க்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடத்தில் வட்டமாகப் பால் வெள்ளை. ஈரோட்டு மேடையில் எலுமிச்சை நறுக்கிய இடம் அரித்து, கத்தி வைத்த கோடு வரை அப்படியே தெரிகிறது.

மீதி இருந்ததை அவன் சொன்ன அளவிலேயே ஒரு பேப்பர் கப்பில் கலந்து வைத்தேன். பக்கத்தில், நான் முன்பு வாங்கிய வேறு கம்பெனி சீலர் இன்னொரு கப்பில். மறுநாள் பழையது கல்லாக இறுகியிருந்தது. இவன் கொடுத்தது பசை மாதிரி நூல் இழுத்தது. இரண்டு பாகம் என்று சொல்லி வேறு எதையோ ஊற்றிக் கொடுத்திருக்கிறான்!

அதையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். முதலில் "மழைக்காலம்ங்ணா, காத்துல ஈரம்" என்றான். பிறகு உங்கள் கான்கிரீட்டில்தான் ஈரம் என்றான். அப்புறம் வீட்டுக்காரர்கள் ஆசிட் போட்டுக் கழுவியிருப்பார்கள் என்றான். கடைசியில், என் செலவில் சாம்பிளை கம்பெனி லேபுக்கு அனுப்பச் சொன்னான். எந்த லேப், எந்த ஊர் என்று கேட்டதற்கு பதில் இல்லை, பிளாக்தான். மோல்டு பற்றிக் கேட்டபோதெல்லாம் "நாளைக்கு லாரியில ஏறிடும்ங்ணா" ஒன்றுதான்.

அந்த ஆன்லைன் சந்தைக்காரர்களிடம் கேட்டால், விற்பவரை அறிமுகம் செய்வது மட்டும்தான் எங்கள் வேலை என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதற்கு? அதைப் பார்த்துத்தானே 68,500 ரூபாய் போட்டேன்? இரண்டு இடத்திலும் இழைத்து மறுபடி அடித்துக் கொடுக்கும் கூலி தனி. விடுதிக்காரர் அடுத்த ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930-லும் நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் மட்டும் வாங்கி, கப்பில் கலந்து இறுகுகிறதா என்று பாருங்கள். துண்டுப் பலகையில் அடித்து நன்றாகக் காய்ந்தபின் புளியும் தண்ணீரும் நீங்களே ஊற்றி இரவு முழுக்க விடுங்கள், அவர்கள் வீடியோவை நம்பாதீர்கள். ஜிஎஸ்டி பில்லும் டப்பாவில் பேட்ச் எண்ணும் இல்லாத சரக்கு வேண்டாம். பணம் போகும் கணக்கு கடைப் பெயரில் இல்லாமல் தனி ஆள் பெயரில் இருந்தால் அனுப்பாதீர்கள். மோல்டுக்கு முன்பணம் கேட்டால், வீடியோ காலில் மோல்டைக் காட்டச் சொல்லுங்கள்.