மடிக்கும் மரக் கமராவா, பழைய பத்திரிகைக் கமராவா? யாழ்ப்பாணத்திலிருந்து 4×5 தொடங்குபவருக்கு

நான் வாங்கியது மடிக்கும் மரக் கமரா. ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் வரும். ஆனால் ஏன் சாய்கிறது என்பதைக் காரணத்தோடு சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, பஸ்ஸிலும் படகிலும் சாமானைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுக்க நினைப்பவருக்கு அந்தக் காரணம் பயன்படும்.

தாள் பிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் பிலிம்) எதற்கு என்று இங்கே விளக்கப்போவதில்லை. 4×5 அங்குலத் தாள் ஒன்று 35 மில்லிமீற்றர் பிலிமின் ஒரு சட்டத்தைவிட ஏறத்தாழ 13 மடங்கு பரப்புக் கொண்டது. அந்த நெகற்றிவ்வைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. எந்தக் கமரா என்பதுதான் கேள்வி. மூன்று வழி இருக்கிறது: ஸ்ரூடியோக்கள் பாவித்த, ஒற்றைத் தண்டில் ஏற்றிய மொனோரெயில், அமெரிக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் தூக்கித் திரிந்த கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் கிரவுன் கிராஃபிக், மடித்துப் பைக்குள் வைக்கும் மரக் கமரா.

மொனோரெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்ரூடியோக்கள் டிஜிற்றலுக்கு மாறியபின் சைனார், கம்போ போன்றவை மலிந்துவிட்டன. அந்தக் காசுக்கு அவ்வளவு அசைவுகள், அதாவது லென்ஸையும் பிலிமையும் தனித்தனியே ஏற்றி, இறக்கி, சாய்க்கும் வசதி, வேறு எதிலும் கிடையாது. ஆனால் அது மடியாது, பாரம், பெட்டியோ பெரிது. நெடுந்தீவுப் படகில் ஆட்களும் சைக்கிளும் அரிசி மூட்டையும் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? இதை நான் ஒரு நண்பரின் வீட்டு முற்றத்தில் மட்டுமே பாவித்திருக்கிறேன், ஆகவே என் சொல்லை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வாகனம் இருந்து, வீதியோரம் நின்றே எடுப்பவருக்கு இதுவே போதுமானதாக இருக்கக்கூடும்.

உண்மையான போட்டி கிரவுன் கிராஃபிக்குக்கும் மரக் கமராவுக்கும்தான்.

கிரவுன் கிராஃபிக்கை இலேசில் தள்ளிவிட முடியாது. மூடினால் ஒரு பெட்டி. முன்கதவைத் திறந்து லென்ஸை இழுத்தால் வேலைக்குத் தயார். ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் பார்த்து ஃபோகஸ் செய்யும் கருவி) ஒழுங்காக இருந்தால் முக்காலியே இல்லாமல் கையில் பிடித்து எடுக்கலாம். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிக் குவியலுக்குப் பின்னால் இருக்கும் ஒருவரையோ, நெடுந்தீவில் மேய்கிற குதிரைகளையோ எடுக்க ஆசை என்றால் இந்தக் கமராதான் சரி. மரக் கமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்த்து, ஷட்டரை மூடி, பிலிம் தாள் வைத்த ஹோல்டரைச் செருகி, அதை மூடியிருக்கும் டார்க் ஸ்லைட் தகட்டை உருவி முடிப்பதற்குள் குதிரை அடுத்த வெளிக்குப் போய்விடும்.

காற்றிலும் கிரவுன்தான் நன்றாக நிற்கும். சோளகம் அடிக்கிற மாதங்களில் மணற்காட்டிலோ காரைநகரிலோ மரக் கமராவை விரித்து வைத்தால், லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே நீட்டிய மடிப்புப் பையான பெலோஸில் காற்றுப் பிடித்து முன்பலகை நடுங்கும். இதற்கு நான் செய்வது: விடிந்து காற்று எழும்ப முன்னரே எடுத்து முடிப்பது, முக்காலியைப் பதிவாக வைத்து அதன் நடுவில் பையைத் தொங்கவிடுவது, எச்.பி.5 போன்ற, ஒளியுணர்வு கூடிய ஐ.எஸ்.ஓ 400 பிலிம் போடுவது. நல்ல வெயிலில் அந்த பிலிமுக்கு எஃப் 32 என்ற சிறிய லென்ஸ் துளையில் 1/125 நொடி கிடைக்கும், பனை ஓலையும் ஓரளவு அசையாமல் நிற்கும். ஐ.எஸ்.ஓ 100 பிலிம் என்றால் அதே துளைக்கு 1/30 வரை இறங்கவேண்டும், ஓலை கலங்கிவிடும். இவ்வளவு செய்தும் காற்றில் கிரவுனின் உறுதி மரத்துக்கு வராது.

அசைவுகளில் நிலைமை மாறும். பொது நூலகத்தின் முகப்பையோ நல்லூர்க் கோபுரத்தையோ வெளிவீதியில் நின்று எடுக்கும்போது கமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் கட்டடம் பின்னால் சாய்ந்ததுபோல் வரும். கமராவை மட்டமாக வைத்து லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் நேராக நிற்கும். கிரவுனிலும் லென்ஸ் ஏறும், ஆனால் கொஞ்சம்தான். சாய்ப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. மணற்காட்டில் மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலை, காலடி மணலின் வரியிலிருந்து சுவர்வரை ஒரே கூர்மையாக எடுக்க லென்ஸை முன்னோக்கிச் சற்றுச் சாய்க்கவேண்டும். கிரவுனின் முன்பக்கம் பின்னோக்கித்தான் சாயும். அடிப்பலகையை இறக்கிச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பெட்டி பிலிமோடு நிற்பவருக்கு அந்தச் சுற்றுவழி தலையிடி.

இவ்வளவையும் தராசில் போட்டால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: பழுதானால் இங்கே என்ன செய்யலாம்?

கிரவுன் கிராஃபிக் 1947இல் வந்து 1973உடன் நின்றுபோனது. ஆகப் புதியதற்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதன் உதிரிப்பாகம் என்றால் செத்துப்போன இன்னொரு கிரவுனிலிருந்து கழற்றியதுதான். 1955க்குப் பின் வந்த, மேலே ரேஞ்ச்ஃபைண்டர் வைத்த மொடல்களில் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஏற்ப ரேஞ்ச்ஃபைண்டரை இயக்கும் ஒரு சிறு கேம் தகடு உண்டு. லென்ஸை மாற்றினால் தகட்டையும் தேடவேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரின் உள்ளே இருக்கும் பாதி பூசிய கண்ணாடி மங்கிப்போனால் கையில் பிடித்து எடுக்கும் வசதி போயிற்று. அதற்காகத்தானே அதை வாங்குவது? யாழ்ப்பாணத்தில் பழைய கமரா திருத்தத் தெரிந்தவரை விசாரித்தால், தெரிந்தவர் கண்பார்வை குறைந்து வீட்டோடு இருக்கிறார் என்ற பதில்தான் எனக்குக் கிடைத்தது.

பெலோஸ் அடுத்தது. எந்தப் பழைய கமராவை வாங்கினாலும் முதல் இரவே இதைச் செய்யுங்கள். அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கழற்றி, சின்ன ரோர்ச் ஒன்றைப் பெலோஸுக்குள் விட்டு, அதை முழுதாக நீட்டி எல்லாப் பக்கமும் மெல்லச் சுற்றிப் பாருங்கள். மடிப்புகளின் மூலைகள்தான் முதலில் பிய்யும். ஊசிமுனை அளவு வெளிச்சம் அங்கே தெரிந்தால், வெயிலில் அதுவே பிலிமில் ஒரு மூட்டமாகப் படியும். ஒன்றிரண்டு ஓட்டையைக் கறுப்புத் துணிச் சாயத்தால் மெல்லிதாகப் பூசி அடைக்கலாம். தடிப்பாகப் பூசினால் மடிப்பு இறுகி, மூடும்போது பக்கத்து மூலை வெடிக்கும். மூலைகள் எல்லாமே போயிருந்தால் வெளிநாட்டில் சொல்லிச் செய்விக்கவேண்டும், சுங்கத்தையும் கணக்கில் வைத்து.

மரக் கமராவின் கதை வேறு. இங்கிலாந்தின் பிரைற்றனில் 2014இல் தொடங்கிய இன்ரெப்பிட் போன்றவர்கள் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள். எழுதிக் கேட்டால் பதில் வரும், பெலோஸ் தனியாகவே வாங்கலாம். அதைவிட முக்கியம், உடல் பேர்ச் பிளைவுட், திருகாணி, அலுமினியத் துண்டு. இவற்றில் ஊர்த் தச்சருக்கும் இரும்புக்கடைக்காரருக்கும் தெரியாத பொருள் ஒன்றுமில்லை. லென்ஸைப் பூட்டும் பலகை ஒன்று எனக்குத் தேவைப்பட்டபோது கோண்டாவிலில் ஒரு தச்சுப் பட்டறைக்குத்தான் போனேன். லின்ஹோஃப் ரெக்னிகா எனப்படும் வழக்கமான அளவு, 96க்கு 99 மில்லிமீற்றர், நடுவில் கோப்பல் 0 என்ற அளவு ஷட்டருக்கு 35 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஓட்டை. மாதிரிப் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “வெளிச்சம் பூராமல் பின்னுக்கு ஒரு வரம்பு விட்டிருக்கு, அதுவும் வேணுமோ தம்பி?” கமராவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. உட்பக்கத்தை மினுங்காத கறுப்பில் பூசினேன். இன்றும் அந்தப் பலகைதான் முன்னே இருக்கிறது.

இந்த நம்பிக்கை பயணத்தில் பெரிய விஷயம். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறி உப்புத் தண்ணீர் தெறிக்க ஒரு மணித்தியாலம் போய் இறங்குகிறோம். திரும்பி வந்து உலோகப் பாகங்களை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணியால் துடைத்து, பெலோஸைக் காயவிட்டு மடிக்கவேண்டும். அப்படியும் ஒரு திருகாணி கறள் பிடித்தால் அடுத்த நாளே மாற்றிவிடலாம். கிரவுனில் ஒரு பூட்டுப்பல் உடைந்தால் அடுத்த பயணம் எப்போது என்று யாருக்குத் தெரியும்?

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். என் கமராவுக்கு இன்னும் வயது காணாது. ஐப்பசி, கார்த்திகை மாரியைப் பல வருடம் கண்ட பிளைவுட் எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்தில் இருந்து சொல்ல முடியாது. இப்போதைக்கு சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில் வைக்கிறேன், லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் அது வேண்டும். அசைவுகளை நேர்நிலையில் நிறுத்தும் பூட்டு மலிவான மரக் கமராக்களில் உறுதியாக இருக்காது. ஒவ்வொரு முறையும் சிறு நீர்மட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது.

பாரத்தைப் பெரிதாக எடுக்கவேண்டாம். இன்ரெப்பிட் 1.2 கிலோ அளவில் இருக்கும், கிரவுன் 2 கிலோவைத் தாண்டும். ஆனால் முக்காலியும் ஹோல்டர்களும் லென்ஸும் சேர்ந்தபின் தோள் அந்த வித்தியாசத்தைக் கவனிக்காது. மறுவிற்பனையையும் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டையுமே இங்கே வாங்க ஆளில்லை, கொழும்பிலோ வெளிநாட்டிலோதான் தேடவேண்டும்.

ஹோல்டர் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், மிச்சம் பிடிக்கிற காசை அதில் போடுங்கள். ஒன்றில் இரண்டு தாள், ஐந்து இருந்தால் ஒரு நாளுக்குத் தாராளம். பழையது என்றால் அடியில் மடிகிற வாயின் துணிப்பட்டி பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வெளிச்சம் பூருவது அங்கேதான். பகலில் இருட்டுப் பைக்குள் கையை விட்டு பிலிம் ஏற்றினால் எங்கள் வெக்கைக்கு விரல் வியர்த்து, தாளில் ஈர அடையாளம் விழும். இரவில், யன்னலை அடைத்த அறையில் ஏற்றுவது எவ்வளவோ மேல். தாளை நெடுக்காகப் பிடிக்கும்போது அதன் ஓரத்து வெட்டுத்தடம் வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், ஒளி பதியும் மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. டார்க் ஸ்லைட்டின் வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் எடுக்காத பிலிம், கறுப்பு என்றால் எடுத்தது. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பதானால் பிலிம் பெட்டியைப் பொதியில் போடாமல் கையில் கொண்டுபோய், ஸ்கானருக்குள் விடாமல் கையால் சோதிக்கும்படி கேளுங்கள். புதிய சி.ரி ஸ்கானர்கள் ஒரே தடவையில் பிலிமைக் கெடுத்துவிடலாம்.

ஆட்களைத்தான் எடுப்பேன், முக்காலி தூக்கமாட்டேன் என்று உறுதியாக இருப்பவர் கிரவுனை வாங்கலாம். வாங்குமுன் பெலோஸ் மூலைகளின் படமும், ரேஞ்ச்ஃபைண்டர் வழியாக எடுத்த ஒரு படமும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தக் கமராவை விட்டுவிடுங்கள்.