பங்க் வயரிங்: காசு கூடுதல், ஆனால் வேலை தெரிந்தவர்கள்

மழை பெய்தால் பெட்ரோல் பம்பின் ஈ.எல்.சி.பி. (கரண்ட் தரைக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகும், வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடும். விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையில் பங்க் நடத்தும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை முழுக்க இதே ரோதனைதான். முதலில் வந்த எலக்ட்ரீஷியன் ஈ.எல்.சி.பி.யை பைபாஸ் பண்ணிவிடலாம் என்றார், அதுவும் பெட்ரோல் பங்க்கில்! அவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, தெரிந்த டீலர் ஒருவர் சொன்னதால் பங்க் வயரிங் செய்யும் இந்த நிறுவனத்தாரைக் கூப்பிட்டோம்.

வந்தவுடன் எதையும் கழற்றவில்லை. மெயினை ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, சாவியைச் சூப்பர்வைசர் தன் பையில் வைத்துக்கொண்டார். டேங்கர் லோடு இறக்கும் நேரத்தில் கை வைக்கவே மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்புறம் காற்றில் ஆவி இருக்கிறதா என்று அளக்கும் கேஸ் மீட்டரை டிஸ்பென்சருக்கு (பெட்ரோல் போடும் மெஷின்) அடியில் இருக்கும் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், பள்ளத்தில்தான் போய்த் தங்கும், காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் 500 வோல்ட் செலுத்தும் கருவி, அதில் வரும் பொறியே போதும் என்பதால் கேஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் வரை மெக்கரை வெளியே எடுக்கவே இல்லை.

கோளாறு கிடைத்தது: தரைக்கடியில் போகும் கேபிளில் யாரோ எப்போதோ போட்ட ஒட்டு, மேலே வெறும் இன்சுலேஷன் டேப். தண்ணீர் இறங்கினால் கரண்ட் லீக்கேஜ். இதைவிட மோசம் எஃப்.எல்.பி. பாக்ஸ், அதாவது உள்ளே தீப்பற்றினாலும் வெளியே பரவவிடாத ஃப்ளேம்ப்ரூஃப் வயரிங் பெட்டி. மூடியில் இரண்டு போல்ட் இல்லை, இடுக்கில் சிலிக்கான் பசை அப்பியிருந்தது. தண்ணீர் போகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தப் பாக்ஸ் காற்றுப் புகாத டப்பா கிடையாது. உள்ளே ஆவி பற்றி வெடித்தாலும், மூடியின் குறுகிய இடுக்கு வழியாக வரும் சூடான வாயு ஆறிப்போய்த்தான் வெளியேற வேண்டும், அதற்காகவே அந்த உலோகப் பரப்புகளை அவ்வளவு துல்லியமாகக் கடைகிறார்கள். போல்ட் இல்லாவிட்டால் இடுக்கு அகன்றுவிடும், அப்புறம் அது சாதா இரும்புப் பெட்டிதான். அந்தப் பாக்ஸில் கேபிள் போகாத ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்திருந்த தப்பையும் காட்டினார்கள்.

ஒட்டே இல்லாமல் புது ஆர்மர்டு (உலோகக் கவசம் போட்ட) கேபிள், கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட், பயன்படாத ஓட்டையை அடைக்கச் சான்றிதழ் உள்ள ஸ்டாப் பிளக், தன்பாத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனமான சி.ஐ.எம்.எஃப்.ஆர். சோதனைச் சான்று உள்ள புதுப் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் மாற்றினார்கள். சேல்ஸ் ரூமுக்குள் கேபிள் நுழையும் பைப்பையும் சீல் பண்ணினார்கள், அது வழியாக ஆவி உள்ளே வருமாம். அதை நாங்கள் கேட்கவே இல்லை, அவர்களாகப் பார்த்துச் செய்தது. அதற்குப் பிறகு நல்ல மழை பெய்தும் ட்ரிப் ஆகவில்லை.

குறை என்றால், ரேட் கொஞ்சம் கூடுதல்தான், சாதா வயரிங்கோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். தரையை வெட்டிய இடத்தில் போட்ட கான்கிரீட் மேடு பள்ளமாக இருக்கிறது, பைக்காரர்கள் திட்டுகிறார்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டும் பலமுறை போன் பண்ணிய பிறகே வந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள், அதனால் ரிப்போர்ட், சான்றிதழ் நகல் இரண்டும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

5க்கு 4.