அவிடெமக்ஸ்: ஒரு ஃபிரேம்கூடப் பிசகாமல் வெட்ட

வீடியோவை மறுபடி என்கோட் (சுருக்கிக் குறியாக்கம்) செய்யாமல், தரம் துளியும் குறையாமல் வெட்ட வேண்டுமா? இலவச மென்பொருள்களில் அவிடெமக்ஸைத்தான் முதலில் சொல்வேன். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தோற்றம் பழசுதான். ஆனால் இப்போது நிற்கும் ஃபிரேம் எந்த வகை என்று திரையின் கீழேயே காட்டிவிடுகிறது. துல்லியமாக வெட்ட நினைப்பவருக்கு அந்த ஒரு வரி போதும், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எச்.264 எனும் சுருக்க முறையில் அமைந்த வீடியோக் கோப்பில் முழுப் படமாக இருப்பது கீஃபிரேம் எனும் ஐ-ஃபிரேம் மட்டுமே. மற்றவை, பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். எச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பு அமைப்பில் இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே 250 ஃபிரேம் வரை இடைவெளி வரலாம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது 10 நொடி. நடுவில் எங்காவது தொடங்கினால், அடுத்த கீஃபிரேம் வரும்வரை படம் கட்டம் கட்டமாகச் சிதறும்.

வீடியோ, ஆடியோ இரண்டையும் 'காப்பி'யில் (மறு என்கோட் இல்லாமல் அப்படியே நகலெடுக்கும் தேர்வு) வையுங்கள். இடது, வலது அம்புக்குறி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். மேல், கீழ் அம்புக்குறி கீஃபிரேம் விட்டுக் கீஃபிரேம் தாவும். 'ஏ' குறி தொடக்கம், 'பி' குறி முடிவு. 'பி' நிற்கும் ஃபிரேம் தேர்வில் சேராது என்பதை மறக்கக் கூடாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சேமிக்கிறீர்கள் என்றால் 'ஏ' கீஃபிரேமில் இருக்க வேண்டும். நடுவிலுள்ள விளம்பரத்தை டெலீட் செய்கிறீர்கள் என்றால், 'பி'தான் கீஃபிரேமில் இருக்க வேண்டும், ஏனென்றால் மிச்ச வீடியோ அந்த ஃபிரேமிலிருந்துதான் மறுபடி தொடங்குகிறது. அண்மைப் பதிப்புகள் சேமிக்கும்போது இதைச் சோதித்து எச்சரிக்கின்றன. எச்சரிக்கை வந்தால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வெளியீட்டுக்கு எம்பி4 அல்லது எம்கேவி, ஏவிஐ வேண்டாம்.

கீஃபிரேமில்லாத இடத்தில்தான் தொடங்கியாக வேண்டும் என்றால்? அடுத்த கீஃபிரேம் வரையுள்ள துண்டை மட்டும் என்கோட் செய்து, மிச்சத்தைக் காப்பியாக ஒட்டலாம் என்று தோன்றும். இதில் பொறி இருக்கிறது. புதுத் துண்டின் என்கோடிங் அமைப்புகள் மூலத்தோடு பொருந்தாது. எம்பி4 கோப்போ பொதுவாக ஒரே அமைப்பைத்தான் கோப்பின் தகவல் பகுதியில் (ஹெடர்) எழுதிவைக்கும். விளைவு, ஒட்டிய இடத்திலிருந்து பச்சைத் திரை அல்லது சிதைந்த படம். துண்டு சில நிமிடமே என்றால் முழுவதையும் எக்ஸ்264-இல் சிஆர்எஃப் எனும் தர அளவை 18 என வைத்து மறு என்கோட் செய்துவிடுவதே நிம்மதி.

ஒலி தனிக் கணக்கு. ஏஏசி முறையில் சுருக்கிய 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு பொட்டலம் 1,024 மாதிரிகள், ஏறக்குறைய 21 மில்லிநொடி. 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. இரண்டின் எல்லைகளும் ஒன்றாக விழுவது அரிது. அதனால் வெட்டிய இடத்தில் ஒரு சொல்லின் வால் கேட்கலாம். பேச்சின் இடைவெளியில் வெட்டினால் தெரியாது.

லாஸ்லெஸ்கட் எனும் இன்னொரு வெட்டும் மென்பொருள் அவிடெமக்ஸைவிட அழகு, வேகம். ஒரே கோப்பிலிருந்து பல துண்டுகள் எடுக்க அதுவே வசதி. ஆனால் கீஃபிரேமில்லாத இடத்திலும் வெட்ட, தொடக்கத் துண்டை மட்டும் என்கோட் செய்யும் அதன் 'ஸ்மார்ட் கட்' வசதி இன்னும் சோதனை நிலையில்தான் தரப்படுகிறது. கீஃபிரேம் முறையில் வெட்டினால், குறித்த இடத்துக்கு முந்தைய கீஃபிரேமிலிருந்தே துண்டு தொடங்கும்.

ஃபோனில் எடுத்த வீடியோக்களில் ஃபிரேம் வேகம் பெரும்பாலும் நிலையாக இருக்காது. அவற்றில் வெட்டும் இடத்தை ஃபிரேம் எண்ணாகக் குறிக்காமல், அவிடெமக்ஸ் காட்டும் மில்லிநொடி நேரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.